வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கு ஏற்ற எரிவாயு அடுப்பு: ஓர் ஆராய்ச்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடும்ப உபயோகத்துக்காக ஒருவர் தம் வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்வதை மத்திய சர்க்கார் அனுமதித்தது, 1933-இல் மதுவிலக்கு ரத்தாகி நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பிற்பாடு, 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டபோதுதான். வயது வந்தவர் ஒருவரே உள்ள வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 100 காலன் என்றும், இருவரோ அதற்கு மேற்பட்டவரோ உள்ள வீட்டுக்கு 200 காலன் என்றும் வரம்பு கட்டிய அந்தச் சட்டம் மாகாணங்களின் அதிகாரத்தில் தலையிடவில்லையாதலால், அலபாமாவும் மிஸிஸிப்பியும் தங்கள் தடையை 2013 வரையில் விடாப்பிடியாகக் காத்துவந்தன. சட்டம் இடங்கொடுத்த பின் சாதனங்களைப் பற்றிய விசாரம் தொடங்கியது; அவற்றுள் கொப்பரையின் அடியில் வைக்கும் எரிவாயு பர்னரைப் போல வாதப் பிரதிவாதங்களுக்கு உள்ளானது வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் உஷ்ண அளவைப் பார்த்து பர்னர் வாங்குகிற வழக்கம் பிசகானது என்பதும், கொப்பரையின் கொள்ளளவும் தீயைத் தணித்து எரிக்கும் சௌகரியமுமே தேர்வுக்கு உரிய பிரமாணங்கள் என்பதும் என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆரம்ப காலத்தில் பீர் காய்ச்சியவர்களுக்குத் தனி அடுப்பே தேவைப்படவில்லை. கடையில் டப்பாவில் விற்கும் கெட்டியான மால்ட் பாகை வாங்கி, இரண்டு மூன்று காலன் தண்ணீரில் கரைத்துச் சமையலறை அடுப்பிலேயே காய்ச்சி, பிறகு குளிர்ந்த நீரை ஊற்றி ஐந்து காலனாக்கிக்கொள்வது அவர்களுடைய முறை. நாளடைவில், முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டைத் தாமே உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அதன் சர்க்கரையைக் கழுவி வடித்தெடுக்கும் முழுத் தானிய முறைக்கு அவர்கள் முன்னேறியபோது, ஐந்து காலன் பீருக்கு ஏறக்குறைய ஆறரை காலன் சாறு கையில் வந்து நின்றது. அவ்வளவையும் ஒரே கொப்பரையில் கொதிக்க வைக்கவேண்டியதாயிற்று. சமையலறை அடுப்பு தோற்றுப்போனதும், பர்னரைத் தேடி மனிதர்கள் கொல்லைப்புறத்துக்கு இறங்கியதும் அந்தக் கட்டத்தில்தான்.

சாற்றைக் கொதிக்கவைப்பதன் பிரயோஜனம் அதிலுள்ள கிருமிகளைக் கொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. ஹாப்ஸ் பூவில் உள்ள ஆல்பா அமிலங்கள் கரைந்து உருமாறிக் கசப்பைத் தருவதற்கும், சாற்றிலுள்ள புரதம் திரண்டு அடியில் படிவதற்கும், வெளிர்நிற மால்ட்டில் பிறக்கிற, வேகவைத்த மக்காச்சோளத்தின் வாடையுள்ள கந்தக ஆவி வெளியேறுவதற்கும், ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ இடைவிடாத கொதி வேண்டும். ஆகவே பர்னருக்கு விதிக்கப்பட்ட காரியங்கள் இரண்டு: குளிர்ந்த நீரை விரைவில் கொதிநிலைக்குக் கொண்டுவருவது ஒன்று, வந்த கொதியை அடங்கவும் விடாமல் பொங்கவும் விடாமல் சீராக நிறுத்திவைப்பது மற்றொன்று. முதற்காரியத்துக்குப் பலம் வேண்டும். இரண்டாவதற்கு அடக்கம் வேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள்.

அமெரிக்கர் உஷ்ணத்தை அளப்பது பி.டி.யு. என்ற பழைய பிரிட்டிஷ் அலகினால். ஒரு ராத்தல் தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் பாகை சூடேற்றுவதற்கான உஷ்ணம் அது. ஆறரை காலன் தண்ணீரின் எடை 54 ராத்தல். அதை 68 பாகையிலிருந்து கொதிநிலையான 212 பாகைக்கு உயர்த்த, 144 பாகைக்கும் சேர்த்து ஏறக்குறைய 7,800 பி.டி.யு. போதும். கொதி தொடங்கிய பின், மணிக்கு ஒரு காலன் நீர் ஆவியாகும்படி வைத்துக்கொண்டால், ராத்தலுக்கு 970 வீதம் சுமார் 8,100 பி.டி.யு. செலவாகும். நீருக்குள் போய்ச் சேரவேண்டிய உஷ்ணம் இவ்வளவே. ஆனால் திறந்த வெளியில் எரியும் பர்னரின் உஷ்ணத்தில் கொப்பரைக்குள் இறங்குவது மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரையில்தான். எஞ்சியது கொப்பரையின் பக்கவாட்டில் ஏறிக் காற்றோடு கலந்துவிடுகிறது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணோ, பர்னர் ஒரு மணி நேரத்தில் எரிக்கக்கூடிய வாயுவின் அளவைக் குறிப்பதேயன்றிச் சாற்றுக்குள் செலுத்தும் உஷ்ணத்தைக் குறிப்பதன்று. இந்தக் கழிவையெல்லாம் கழித்த பிறகும், 55,000 பி.டி.யு. பர்னர் ஒன்று மேற்சொன்ன ஆறரை காலனை அரைமணிக்குள் கொதிக்கவைத்துவிடும். அதன் பின் கொதியைக் காக்க அதில் பாதித் தீகூட வேண்டியதில்லை.

இதே கணக்கைச் சமையலறை அடுப்புக்குப் போட்டுப் பார்த்தால் அதன் இயலாமை நன்றாக விளங்கும். 12,000 பி.டி.யு. அடுப்பிலிருந்து நாற்பது சதவீதம் நீருக்குப் போகிறதென்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 4,800. ஆறரை காலன் கொதிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், கொதித்தாலும் மணிக்கு ஒரு காலனை ஆவியாக்க அதற்குச் சக்தி கிடையாது. அதே அடுப்பில் மூன்று காலன் சாற்றை வைத்தால் முக்கால் மணியில் கொதித்துவிடுகிறது. அரை காலன் ஆவியாவதற்கும் உஷ்ணம் மிச்சமிருக்கிறது. மரத்தாலான மாடத்தில் புரொபேன் சிலிண்டர் வைக்கக்கூடாதென்று தீயணைப்பு விதிகள் பல நகரங்களில் தடுப்பதால், அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் இரண்டரை காலன் அளவில் காய்ச்சிக்கொண்டு பர்னர் கவலையே இல்லாமல் இருப்பது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

இனி பெரிய எண்களின் சங்கதி. 2,00,000 பி.டி.யு. என்று பறைசாற்றும் பர்னர்கள் விற்பனைக்கு உண்டு. வாயு அடுப்புக்கு வழக்கமாகப் பயன்படும் 20 ராத்தல் சிலிண்டரில் அடங்கியிருப்பது சுமார் 4,30,000 பி.டி.யு.; ஆகையால் அப்படிப்பட்ட பர்னரை முழு வேகத்தில் எரித்தால் சிலிண்டர் இரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும். அந்த வேகத்தில் எரிக்க சிலிண்டரும் சம்மதிக்காது. உள்ளே திரவமாக உள்ள புரொபேன் ஆவியாகி வெளிவருவதற்குத் தனக்கு வேண்டிய உஷ்ணத்தைத் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் உலோகத்திடமிருந்துமே எடுத்துக்கொள்கிறது, எடுக்க எடுக்கக் குளிர்ந்துபோய், திரவம் நிற்கும் மட்டம் வரையில் வெளிப்புறத்தில் வெண்பனி படர்கிறது, அழுத்தம் இறங்குகிறது, சுடர் தானாகவே சுருங்குகிறது. புரொபேன் மைனஸ் 42 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிக்கும் பொருளாதலால் கடுங்குளிரிலும் எரிகிறதென்பது மெய்தான். எனினும் மின்னஸோட்டா போன்ற வட மாகாணங்களில் ஜனவரி மாதத்தில் பாதி காலியான சிலிண்டரைக் கொண்டு பத்து காலன் காய்ச்ச முற்படுகிறவர், பெட்டியிலுள்ள எண் எவ்வளவு பெரிதாயினும், பனி பிடித்த சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். ஐந்து காலன் முழுத் தானிய பீருக்கு ஆரம்ப வெந்நீர் முதல் இறுதிக் கொதி வரையில் சுமார் 50,000 பி.டி.யு., அதாவது இரண்டே கால் ராத்தல் புரொபேன் செலவாகுமென்று கணக்கிடலாம். காலி சிலிண்டரை வாங்கிக்கொண்டு வேறொன்று மாற்றித் தரும் கடைகளில் பெரும்பாலும் 15 ராத்தலே நிரப்பித் தருகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. காற்றும் குளிரும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின், ஐந்தாறு தடவை காய்ச்சினால் திருப்தியடையவேண்டியதே.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு துளையின் வழியே வெளிப்படும் வாயுவின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை அனுசரித்து ஏறுமாதலால், உஷ்ணத்தை இரு மடங்காக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்கவேண்டும். சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் வரையில் திருகக்கூடிய ரெகுலேட்டரை வாங்கினவர், 10 ராத்தல் ரெகுலேட்டர் வைத்திருப்பவரைவிட மும்மடங்கு பலம் பெற்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். வாஸ்தவத்தில் அவருக்குக் கிடைத்தது ஒன்றே முக்கால் மடங்குக்குக் குறைவுதான். ரெகுலேட்டரின் உபயோகம் உச்சத்தில் இல்லை, கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. கைப்பிடியை அரைச் சுற்று திருப்பினால் சுடர் எவ்வளவு மாறுகிறது என்பதே கவனிக்கவேண்டிய விஷயம். 30 ராத்தல் ரெகுலேட்டர்களில் அந்த மாற்றம் கரடுமுரடாக இருப்பதால், குழாயின் இடையில் ஓர் ஊசி வால்வைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் நல்லது.

பர்னர்களின் ஜாதி வேறுபாடுகளுக்கு இனி வருவோம். பீர் காய்ச்சுவோர் கையாளும் பர்னர்களில் பல, பீருக்காகப் பிறந்தவையே அல்ல. லூயிஸியானாவிலும் அதன் அண்டை மாகாணங்களிலும் கிராஃபிஷ் என்னும் நன்னீர் இறால் வகையைப் பெரும் அண்டாக்களில் வேகவைத்துக் கூட்டமாக உண்பது நெடுநாள் வழக்கம். அங்கிருந்தே நன்றிதெரிவிப்புத் திருநாளில் முழு வான்கோழியைக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்தெடுக்கும் மோகமும் நாடெங்கும் பரவியது. அதற்கென்று மலிவாகச் செய்து குவித்த அடுப்புகளைத்தான் பீர் காய்ச்சுவோர் சுவீகரித்துக்கொண்டார்கள். எண்ணெய் பொங்கித் தீப்பற்றும் விபத்துக்கள் மலிந்தமையால், அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்ற பரீட்சை ஸ்தாபனம் இத்தகைய எண்ணெய் அடுப்புகளுக்கு முத்திரையிட மறுத்ததும் உண்டு. அவற்றுள் சிலவற்றில், பதினைந்து நிமிஷத்துக்கொரு முறை குமிழைத் திருகாவிட்டால் வாயுவை அடைத்துவிடும் கடிகாரம் பொருத்தியிருக்கிறது. வான்கோழிக்கு அது நியாயம்; தொண்ணூறு நிமிஷம் கொதிக்கவேண்டிய சாற்றுக்கு முன்னால் நிற்பவருக்கோ ஓயாத உபத்திரவம். பழைய அடுப்பைப் பாதி விலைக்கு வாங்குமுன் அந்தக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உத்தமம்.

ஒற்றை ஜெட் பர்னர் என்பது இவற்றில் மிக எளியது. வார்ப்பிரும்புக் கூட்டின் நடுவே ஒரே பித்தளை முனை. அதிலிருந்து அதிக அழுத்தத்தில் சீறிக் கிளம்பும் வாயு. கூர்மையான தீ கொப்பரையின் நடுவைத் தாக்குவதால், கெட்டியான சாறு அந்த இடத்தில் தீய்ந்துபோகும் அபாயம் உண்டு. சத்தமோ, நம் வீடுகளில் ஒரு காலத்தில் ஒலித்த பம்பு ஸ்டவ்வின் இரைச்சலைப் பன்மடங்கு பெருக்கினாற்போன்றது. அழுத்தத்தைக் குறைத்தால் சிறு காற்றுக்கும் அணைந்துவிடும். ஆகவே அது பலத்துக்கு உதவுமேயன்றி அடக்கத்துக்கு உதவாது. பல முனைகளை வட்டமாக அடுக்கிய ஜெட் பர்னரும் உண்டு. தீ கொஞ்சம் பரவலாகும், இரைச்சல் குறையாது.

பாஞ்சோ என்று அழைக்கப்படும் பர்னரே எனக்கு உசிதமாகத் தோன்றுவது. சுமார் பத்து அங்குல விட்டமுள்ள வார்ப்பிரும்புத் தட்டும், அதிலிருந்து நீளும் குழாய்க் கழுத்துமாக, பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியத்தின் வடிவத்தையே ஒத்திருப்பதனால் வந்த பெயர் அது. வாயு கழுத்தின் வாய்ப்புறத்திலுள்ள சிறு துளையிலிருந்து பாயும்போது, தன் வேகத்தினாலேயே பக்கத்துக் காற்றை இழுத்துக்கொண்டு போய், நீண்ட குழாயில் அதனோடு நன்கு கலந்து, தட்டின் மேலுள்ள எண்ணற்ற துவாரங்களில் நிதானமாக வெளிவந்து எரிகிறது. 1855-ஆம் ஆண்டையொட்டி ஹைடல்பர்க் நகரத்துச் சோதனைச்சாலையில் ராபர்ட் புன்சன் பழக்கத்துக்குக் கொண்டுவந்த தத்துவமே இது. அளவு மாத்திரம் பெரிது. தீ கொப்பரையின் அடி முழுவதும் பரவுகிறது, இரைச்சல் அடங்கியிருக்கிறது, எல்லாவற்றிலும் மேலாக, அழுத்தத்தை வெகுவாகக் குறைத்தாலும் தாழ்ந்த நீலச் சுடர்கள் அணையாமல் நிற்கின்றன. சாறு முதற்கொதியைத் தொடும் தருணத்தில் புரத நுரை கொப்பரையின் விளிம்புவரை ஏறிவருவதைக் கண்டவர்களுக்கே இக்குணத்தின் அருமை தெரியும். அந்த அரை நிமிஷத்தில் தீ உடனே தணியாவிட்டால், பாகு போன்ற சாறு வழிந்து பர்னரின் துவாரங்களில் இறுகிக்கொள்ளும், பிறகு கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்யவேண்டியதுதான். பாஞ்சோவிலும் குறையில்லாமல் இல்லை: சிறிய கொப்பரைக்கு அது மிகப் பெரிது, கனமானது, மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும்.

பீர் காய்ச்சுவோருக்கென்றே வடிவமைத்து ப்ளிக்மன், ஆன்வில் போன்ற கம்பெனிகள் விற்பவை மூன்றாம் ரகம். ஆன்வில் பர்னர் 72,000 பி.டி.யு. என்று அடக்கமாகவே தன்னை அறிவித்துக்கொள்கிறது. இத்தகையவற்றில் சுடரைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு அமைந்திருப்பதால் உஷ்ணம் வீணாவது குறைவு. விலைதான் அதிகம். காற்றுத் தடுப்பு ஒன்றை மெல்லிய தகட்டால் செய்து பழைய பர்னருக்கே மாட்டிக்கொள்ளும் கைத்திறனுள்ளவருக்கு இந்த விலை அவசியமில்லை. ஆனால் தகடு கொப்பரையின் அடிவரை நெருக்கமாக மூடிவிடாமல் புகை வெளியேற இடைவெளி விடவேண்டும். இல்லையேல் தீ மூச்சுத் திணறி மஞ்சளாகும்.

மஞ்சள் தீயைப் பற்றிப் பலருக்கும் தெளிவில்லை. ஒரு பங்கு புரொபேன் பூரணமாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். கழுத்தின் வாயில் உள்ள காற்றுக் கதவைத் திறந்துவைத்தால் நீலச் சுடரும், மூடினால் கொப்பரையின் அடியெல்லாம் கரி அப்பும் மஞ்சள் சுடரும் உண்டாகின்றன. அளவுக்கு மீறித் திறந்தால் சுடர் துவாரத்தை விட்டு எழும்பி அந்தரத்தில் ஆடும். முன்பு நீலமாக எரிந்த பர்னர் குளிர்காலம் கழித்து எடுத்தவுடன் மஞ்சளாக எரிந்தால், குற்றம் பெரும்பாலும் கழுத்துக்குள் கூடுகட்டிய சிலந்தியுடையது. பாட்டில் கழுவும் நீண்ட பிரஷ் ஒன்றே அதற்குப் பரிகாரம்.

வீட்டுக்குக் குழாய் வழியாக வரும் இயற்கை வாயுவைப் பயன்படுத்தலாமா என்பது அடுத்த கேள்வி. சிலிண்டர் தீர்ந்துபோகும் கவலை இல்லாமையும் செலவு குறைவும் அதன் பெருமைகள். ஆனால் ஒரு கன அடி புரொபேனில் சுமார் 2,500 பி.டி.யு. இருக்க, இயற்கை வாயுவில் சுமார் 1,000 தான் உண்டு. வீட்டுக் குழாயில் அதன் அழுத்தமோ சதுர அங்குலத்துக்குக் கால் ராத்தல் அளவே. எனவே புரொபேனுக்கென்று துளையிட்ட முனையை அப்படியே மாட்டினால் மெழுகுவர்த்திக்கு மேற்பட்ட தீ கிடைக்காது. பெரிய துளையுள்ள முனை வேண்டும், குழாயின் விட்டமும் அதற்குத் தக்கதாக வேண்டும். அதிக அழுத்தத்தையே நம்பிய ஜெட் பர்னருக்கு இது ஒத்துவராது, பாஞ்சோவுக்கு ஒத்துவரும். இந்த மாற்றத்தை லைசென்ஸ் பெற்ற குழாய்த் தொழிலாளியிடம் விடுவது தவிர வேறு ஆலோசனை சொல்ல எனக்குத் துணிவில்லை.

புது பர்னரைக் கொண்டுவந்து மாட்டியவுடன் தீ சோகை பிடித்தாற்போல எரிகிறதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பர்னர் நிரபராதி. குழாய் அறுந்தால் வாயு கட்டின்றி வெளியேறாதிருக்க, சிலிண்டரோடு இணையும் பகுதியில் ஓட்டத்தைத் தடுக்கும் ஒரு சாதனம் அமைந்திருக்கிறது. பர்னரின் வால்வைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு சிலிண்டரைச் சட்டென்று திறந்தால், குழாய்தான் அறுந்துவிட்டதென்று அது எண்ணி வாயுவைச் சுருக்கிவிடும். எல்லா வால்வுகளையும் மூடி, சற்றுப் பொறுத்து, சிலிண்டரின் கைப்பிடியை மெல்ல மெல்லத் திறந்து, அதன் பின்னர் பர்னரைத் திறந்து பற்றவைத்தால் தீ பழைய பலத்தோடு வந்துவிடும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் அப்போதே ஏற்படுத்திக்கொள்ளலாம்.

உயரத்தின் விளைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சார்லி பபேஸியன் முதலியோர் 1978-இல் அமெரிக்க வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கிய கொலராடோவின் போல்டர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டரில் உள்ளது. அங்கே நீர் 95 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே கொதித்துவிடுவதால் ஹாப்ஸின் கசப்பு குறைவாக இறங்குகிறது. காற்று மெலிந்திருப்பதால் பர்னரின் பலமும் குறைகிறது. 2,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நான்கு சதவீதம் கழித்துக்கொள்வது அந்நாட்டு வாயு அடுப்புக்காரர்களின் வழக்கம்.

பர்னரைத் தாங்கும் இரும்புச் சட்டம் பர்னருக்குச் சமமான கவனத்துக்கு உரியது. பத்து காலன் காய்ச்சுகிறவர் கொதிதொடங்கும்போது பன்னிரண்டு காலனுக்கு மேற்பட்ட சாற்றை ஏற்றுகிறார். கொப்பரையோடு சேர்த்து அது 125 ராத்தலுக்குக் குறையாது. மூன்று மெல்லிய கால்களும் ஆணி போட்டு இணைத்த வளையமுமாக உள்ள அடுப்பின் மேல் அவ்வளவு கொதிநீரை ஏற்றுவது துணிச்சல் அன்று, அசட்டுத்தனம். கால்களைப் பற்றவைப்பு முறையில் இணைத்த, நான்கு கால் சதுரச் சட்டமே நம்பத்தக்கது. தாழ்ந்த சட்டம் கவிழாது; ஆனால் காய்ச்சிய சாற்றைத் தானாக வடியவிட உயரம் வேண்டும் என்பவர், கவிழாமைக்காகச் சட்டத்தின் அடி அகலத்தைக் கூட்டிக்கொள்ளட்டும். பழைய பீர் பீப்பாயின் மேற்பகுதியை அறுத்துக் கொப்பரையாக்கியவர்கள் மற்றொன்றையும் கவனிப்பார்கள்: அப்பீப்பாயின் அடியிலுள்ள வளைய விளிம்பு புகையை உள்ளே சிறைப்படுத்துவதால், அதில் சில துவாரங்கள் போடாவிட்டால் நல்ல பர்னரும் மந்தமாகும்.

இவ்வளவு பெரிய தீயை அறைக்குள் எரிக்கக்கூடாது என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. தீ பூரணமாக எரியாதபோது பிறக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கார் ஷெட்டின் கதவைப் பாதி தூக்கிவைத்திருக்கிறேன் என்பது அதற்குப் பதிலாகாது. புரொபேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமாதலால் நிலவறையில் கசிந்தால் தரையோடு தேங்கி, அங்குள்ள வெந்நீர்க் கொதிகலத்தின் சிறு சுடரைத் தேடிப் போகும்.

இக்காரணத்தாலேயே அண்மைக்காலத்தில் மின்சாரத்தின் பக்கம் சாய்வோர் மிகுந்துவருகின்றனர். 240 வோல்ட்டில் இயங்கும் 5,500 வாட் கம்பிச்சுருள் ஒன்று தரும் உஷ்ணம் மணிக்கு சுமார் 18,800 பி.டி.யு.; சுருள் சாற்றுக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் ஏறக்குறைய அத்தனையும் சாற்றுக்கே சேர்கிறது. 55,000 பி.டி.யு. பர்னரின் தீயில் மூன்றிலொரு பங்கு மட்டுமே கொப்பரைக்குள் போகிறதென்று கொண்டால், அது கொடுப்பதும் இதே அளவுதான். இருந்தாலும் அதற்குத் தனி 30 ஆம்பியர் இணைப்பும், கசிவு மின்சாரம் கண்டால் நிறுத்திவிடும் பாதுகாப்பு ஸ்விட்சும், மணிக்கு ஒரு காலன் நீராவியை அறையிலிருந்து வெளியேற்றும் விசிறியும் வேண்டுமாதலால் ஆரம்பச் செலவு பர்னரைப்போல் பல மடங்கு. கார் ஷெட்டில் அந்த இணைப்பு ஏற்கெனவே உள்ளவர் பர்னர் வாங்கப் புறப்படுமுன் இந்தக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். வாடகை வீட்டுக்காரருக்கும், திறந்தவெளி உள்ளவருக்கும், பத்து காலனும் அதற்கு மேலும் காய்ச்ச விரும்புகிறவருக்கும் 10 ராத்தல் ரெகுலேட்டரோடு கூடிய ஒரு பாஞ்சோவே இன்றைக்கும் போதுமானது.